மஞ்சள் நூல் கட்டிய கறி

பன்றி என்ற சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஆட்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்புக்கு ஆய்வுப் பொருள் எடுக்கச் சொன்னபோது, உடன் படித்தவர்கள் பசு, எருமை, வெள்ளாடு என்று கௌரவமாக எடுத்துக்கொண்டார்கள். நான் நாட்டுப் பன்றி என்றேன். அறை முழுக்கச் சிரிப்பு. "அதில் எதைப் பார்க்கப் போகிறாய்?" என்று பேராசிரியர் கேட்டார். கறிக்குள் இருக்கும் கொழுப்பை என்றேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

பன்றிக்குக் கொழுப்பு இரண்டு இடத்தில் சேரும். ஒன்று தோலுக்கு அடியில் கெட்டியாகப் படியும். எங்கள் ஊரில் அதை நெணம் என்போம். இன்னொன்று சதைக்குள்ளேயே, இழைகளுக்கு நடுவில், வெள்ளைப் புள்ளியும் கோடுமாகப் பரவிக் கிடக்கும். சமைத்த கறி பஞ்சு மாதிரி இருப்பதும் சாறு விடுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கொழுப்பால்தான். பண்ணைகளில் வளரும் சீமை வெண்பன்றிக்கு அது குறைவு. எங்கள் வீட்டில் இனவிருத்திக்கென்று நின்ற கறுப்புப் பொலிப் பன்றியின் வாரிசுகளுக்கு அது ஏராளம். சின்ன வயதிலிருந்து தின்று வளர்ந்த நாக்குக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் நாக்கு சொல்வதைக் கொண்டு பட்டம் தரமாட்டார்கள்.

என் கேள்வி இதுதான். அந்த உள்கொழுப்பு தீனியால் வருகிறதா, தகப்பன் வழியில் வருகிறதா? ஊரில் யாரைக் கேட்டாலும் தீனி என்றுதான் சொல்வார்கள். பனம்பழம் போட்டதால், தவிடு போட்டதால், சீமைக் கருவேலங்காய் தின்றதால் என்று ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் பங்கு உண்டு, ஆனால் வழிக்குத்தான் பெரும்பங்கு என்பது என் சந்தேகம். அதை நிரூபிக்க ஒரே தகப்பனுக்குப் பிறந்த பன்றிகள் வெவ்வேறு வீட்டில் வெவ்வேறு தீனியில் வளர்ந்திருக்க வேண்டும். அவற்றின் கறியை ஒரே நாளில், உடம்பின் ஒரே இடத்திலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு நாள் எங்கள் ஊரில் மட்டும்தான் வரும். சிக்கல் என்ற ஊருக்குத் தெற்கே உள்ளது எங்கள் ஊர். மிளகாயும் மானாவாரி நெல்லும் போட்டு, மழை ஏய்த்தால் கருவேல மரம் வெட்டிக் கரி மூட்டம் போடும் ஊர். அங்கே எங்கள் பங்காளி வீடுகள் ஏழும் சேர்ந்து முனியசாமிக்குப் படையல் போடுவோம். வருஷா வருஷம் கிடையாது. மழை பெய்து வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தால்தான். ஒவ்வொரு வீடும் எதையாவது வேண்டிக்கொண்டு ஒரு குட்டியை நேர்ந்துவிடும். அந்தத் தடவை ஏழு வீட்டுக் குட்டிகளும் எங்கள் பொலிப் பன்றிக்குப் பிறந்தவை. அவை பால் மறந்து வீடு வீடாகப் போன கொஞ்ச காலத்தில் பொலிப் பன்றி பாம்பு கடித்துச் செத்துப் போனது. அந்த வழியில் மிஞ்சியவை அவை ஏழும்தான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வைகாசி மாதம் அவற்றைப் படையலுக்கு வெட்டுவது என்று முடிவானது. அதைத் தவறவிட்டால் எனக்கு ஆய்வும் இல்லை, பட்டமும் இல்லை. பேராசிரியர் அதை வெளிப்படையாகவே சொல்லி அனுப்பினார்.

ஊருக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முனியசாமி கோயில் எல்லையில் ஒரு கல் நட்டிருக்கும். வயசுக்கு வந்த பெண்கள் அந்தக் கல்லைத் தாண்டக்கூடாது, நானும்தான். உள்ளே வெட்டுகிற கறி கல்லைத் தாண்டி வெளியே வரக்கூடாது. அங்கேயே சமைத்து அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். பெண்களுக்குச் சமைத்த பங்கு கல் வரைக்கும் வரும், கல்லடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைப்பார்கள். இதெல்லாம் போதாதென்று, ஏழு பன்றிக் கறியையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துதான் கூறு போடுவார்கள். எவனும் தன் வீட்டுப் பன்றியைத் தானே தின்றான் என்ற பேச்சு வரக்கூடாதாம். ஊருக்கு அது சமத்துவம். எனக்கோ, கலந்த பிறகு எது எந்த வீட்டுக் கறி என்று பிரம்மனே வந்தாலும் சொல்ல முடியாது.

கோயில் காரியங்களை முன்நின்று நடத்தும் தலைக்கட்டு என் பெரியய்யா, நாங்கள் அய்யா என்று கூப்பிடும் என் அப்பாவின் அண்ணன். அவரிடம் போய் நின்றேன். கலக்கும் முன்னால் ஒவ்வொரு பன்றியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, அதை மட்டும் எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதி வேண்டும் என்றேன்.

"நடக்காது" என்றார்.

"திங்கவா பெரியய்யா கேக்குறேன்? பாத்துட்டு எரிச்சிருவேன்."

"சாமிக்கு விட்டதத் திங்காம எரிக்கப் போறியாக்கும்? போ ஆத்தா, போயி வேற சோலியப் பாரு."

அவர் கோபக்காரர் இல்லை. கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். அப்படிப்பட்டவர் என் முகத்தைப் பார்க்காமல், வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே பேசியது எனக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாளும் போனேன். அதே பதில். அய்யாவை அனுப்பினேன். அய்யா போனதை விடத் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார். "அண்ணன் என்னமோ மாதிரி இருக்காரு, விட்டுரு" என்றார். நான் விடுகிற ஆள் இல்லை.

ஊர் மந்தையில் பங்காளிகள் கூடிய அன்று எல்லார் முன்னாலும் கேட்டேன். "நம்ம பன்னி நல்லதா, பண்ணைப் பன்னி நல்லதான்னு எழுதப் போறேன். நம்ம பன்னிதான்னு எழுதணும்னா கறி வேணும்" என்றேன். இளவட்டங்களுக்கு அது பிடித்துவிட்டது. சின்னய்யா ஒருவர், எங்கேயும் வாயடிக்கிறவர், "நம்ம சண்டை எதுக்கு, சாமிய கேட்ருவோம். பூப் போட்டுப் பாரு" என்று சத்தம் போட்டார். பெரியய்யாவால் அதை மறுக்க முடியவில்லை. சிவப்பு அரளி ஒரு இலைப் பொட்டலத்தில், வெள்ளை நந்தியாவட்டை இன்னொன்றில். வெள்ளை வந்தால் சாமி சம்மதம்.

பொட்டலத்தை எடுக்கப் பெரியய்யாவின் பேத்தியைத்தான் கூப்பிட்டார்கள். மதினி அவளை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். பெரியய்யாவின் மகன், என் அண்ணன், திருப்பூரில் வேலை பார்த்ததால் மதினி மாமனார் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்த இவள் அடிக்கடி காய்ச்சலில் விழுவாள். கைகால் குச்சியாக இருக்கும். இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்றுதான் மதினி குட்டியை நேர்ந்துவிட்டிருந்தாள். நேர்ந்துவிட்டது படையலுக்கு முன்னால் தானாகச் செத்தால் சாமி அந்த வேண்டுதலை ஏற்கவில்லை என்று எங்கள் ஊரில் அர்த்தம். அதனால் அந்தப் பன்றிக்கு நடந்த உபசாரம் மனுஷருக்கு நடக்காது. தவிடு, புண்ணாக்கு, வடித்த சோறு. ஏழு வீட்டில் பெரியய்யா வீட்டுத் தீனிதான் மேலான தீனி.

குழந்தை பொட்டலத்தை எடுத்துத் தாத்தாவிடம் நீட்டினாள். பிரித்தார். நந்தியாவட்டை. பெண்கள் குலவையிட்டார்கள். அவர் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே நின்றார். தோற்றுவிட்ட வீம்பு என்று நினைத்துக்கொண்டேன். அவர் முகத்தில் இருந்தது பயம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

படையலுக்கு முந்தின நாள் வாலிநோக்கத்தில் மீன் ஏற்றும் வண்டிக்காரரிடம் பனிக்கட்டி வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் உப்பும் உமியும் போட்டு அடைத்தேன். கறியை அறுக்க அய்யாவுக்குப் பாடம் நடத்தினேன். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் நீளச் சதை, அதில் குறுக்கே ஒரு துண்டு. வேறெங்கும் கத்தி வைக்கக்கூடாது. சீட்டு ரத்தத்தில் ஊறிவிடும் என்பதால் வீட்டுக்கு ஒரு நிற நூல். எங்கள் வீட்டுக்குப் பச்சை, சின்னய்யா வீட்டுக்குச் சிவப்பு, பெரியய்யா வீட்டுக்கு மஞ்சள். எந்த நிறம் எந்த வீடு என்று மந்தையில் எல்லார் முன்னாலும் சொல்லித்தான் நூலைக் கொடுத்தேன். யாரும் சந்தேகப்படக்கூடாது என்று என் புத்திசாலித்தனம்.

மறுநாள் விடிந்ததும் கல்லுக்கு வெளியே பெட்டியோடு உட்கார்ந்தேன். பின்னால் கருவேல நிழலில் பெண்களெல்லாம் சோறு வடிக்க அடுப்புக் கூட்டி இருந்தார்கள். உள்ளே பறைச்சத்தம், பன்றி அலறல், பனையோலையில் மயிர் பொசுங்கும் வாடை. வெயில் ஏறிக்கொண்டே போனது. பெட்டியின் அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. கறி கெட்டுப்போனால் மறுபடி எடுக்க அந்த வழியில் பன்றி கிடையாது.

அய்யா முதல் துண்டோடு வந்தார். சிவப்பு நூல். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று நீட்டினார், நான் இந்தப் பக்கம் நின்று வாங்கினேன். இடம் சரியாக இருந்தது. அப்புறம் பச்சை, நீலம், கறுப்பு என்று ஆறு துண்டு வந்து சேர்ந்தன. பனிக்கட்டி மேல் விரித்த பிளாஸ்டிக் தாளில் வரிசையாக வைத்தேன். சூட்டோடு இருக்கும் கறியில் உள்கொழுப்பு கண்ணுக்குத் தெரியாது. குளிரக் குளிரத்தான் வெளுத்து எழும். சிவப்பு நூல் கட்டிய துண்டில் அது எழுவதை நான் பார்த்தேன். முதலில் ஓரத்தில் ஒரு கோடு, அப்புறம் நடுவில் நொய்யரிசி தூவினாற்போலப் புள்ளிகள். பச்சையிலும் அதே. நீலத்திலும் அதே. நீல நூல் வீட்டில் பன்றிக்குக் கருவேலங்காயும் கழனித் தண்ணியும் தவிர வேறெதுவும் போட்டதில்லை. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

கடைசியில் மஞ்சள் நூல் வந்தது. அய்யாவுக்குப் பின்னால் பெரியய்யாவும் வந்து, கொஞ்சம் தள்ளி நின்றார். துண்டைச் சுற்றி இருந்த நெணம் மூன்று விரல் தடிமன். ஏழிலும் பெரிய நெணம் அதுதான். அதை வரிசையில் கடைசியாக வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வேடிக்கை பார்க்கச் சின்னய்யாவும் இளவட்டங்களும் கல்லோரத்தில் வந்து குனிந்து நின்றார்கள்.

ஆறு துண்டும் வெளுத்துப் புள்ளி புள்ளியாக இருந்தன. மஞ்சள் நூல் துண்டு குளிர்ந்து கெட்டியான பிறகும் வெறும் சிவப்பாகக் கிடந்தது. ஒரு கோடு இல்லை. இன்னும் குளிரட்டும் என்று அதன் அடியில் பனிக்கட்டியைத் தள்ளி வைத்தேன். என் விரல் மரத்ததுதான் மிச்சம்.

எனக்கு விளங்கிவிட்டது. கூடப் பிறந்ததில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறையலாம், தாய் வழியில் கொஞ்சம் மாறலாம். அடியோடு இல்லாமல் போகாது. இது அந்த வழிப் பன்றியே இல்லை. வேறு பன்றி. ஊரிலேயே மேலான தீனி தின்று, அதையெல்லாம் தோலுக்கடியில் சேர்த்து, சதைக்குள் ஒரு பொட்டுகூடச் சேர்க்காத பன்றி. தீனி எவ்வளவு போட்டாலும் வழி இல்லாவிட்டால் வராது என்பதற்கு நானே திட்டம் போட்டிருந்தாலும் இப்படி ஒரு சாட்சி கிடைத்திருக்காது. அதை நினைத்த அதே நிமிஷத்தில் தலை நிமிர்ந்து பெரியய்யாவைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, கண் மட்டும் கெஞ்சியது.

"இதென்னப்பா, ஒண்ணு மட்டும் வெள்ளாட்டுக் கறி மாதிரி இருக்கு?" என்றார் சின்னய்யா. "மஞ்சளு. பெரியவரு வீடுல்ல?"

பன்றி தின்று வளர்ந்த கூட்டம், சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

"ஏத்தா, நீதான படிச்சவ. சொல்லு. தீனியால இப்பிடி ஆகுமா? இல்ல இது வேற பன்னியா?"

தீனியால் ஆகும் என்று சொன்னால் பெரியய்யா தப்பித்துவிடுவார். ஆனால் ஏழு வீட்டார் முன்னால், என் ஆய்வு பொய் என்று என் வாயாலேயே சொன்னதாகிவிடும். வேறு பன்றி என்று சொன்னால் அடுத்த நொடி எல்லார் கண்ணும் மதினி பக்கம் திரும்பும். நேர்ந்தது சேரவில்லை என்றால் அவள் பிள்ளை? அவள் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள், குழந்தை இருமுவது கேட்டது. எந்தப் படிப்பும் அந்த இடத்தில் எனக்கு உதவவில்லை. பெரியய்யா மேல் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

"அவளக் கேக்காத" என்றார் பெரியய்யா. "என்னையக் கேளு."

மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "நேந்து விட்டது கார்த்திகை மழையிலயே செத்துப்போச்சு. காலையில போயிப் பாத்தா வெறச்சுக் கெடக்கு. யாரும் எந்திரிக்கிறதுக்குள்ள கொண்டுபோயிப் பொதச்சேன். புதுமடம் பக்கம் போயி அதே கணக்கா ஒரு கறுப்புப் பன்னி பிடிச்சாந்து கட்டுனேன். என்னய என்ன செய்யச் சொல்ற? ரெண்டு புள்ளயத் தூக்கிக் குடுத்தவகிட்டப் போயி, சாமி ஒன் நேத்திய வேணாம்னுருச்சுன்னு எந்த வாயால சொல்றது?"

அவ்வளவுதான், உள்ளே இரைச்சல் கிளம்பிவிட்டது. குத்தம், பெருங்குத்தம் என்றார் ஒருவர். "பூப் போட்டது செல்லாது, ஒரு துண்டு வெளிய போகக்கூடாது, பெட்டிய உள்ள வாங்கு" என்றார் இன்னொருவர். ஒரு கை கல்லைத் தாண்டி நீண்டு பெட்டியின் விளிம்பைப் பிடித்தது. நான் இந்தப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அய்யா நடுவில் நின்று யாரைத் தடுப்பது என்று தெரியாமல் திணறினார்.

மதினி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. மாமனார் முன்னால் உட்காரக்கூட மாட்டாள், குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"மாமா, இங்கன பாருங்க" என்றாள்.

பெரியய்யா திரும்பவில்லை.

"தெனமும் தீனி வச்சவ நானு. எம் பன்னி நான் தொட்டிகிட்டப் போனாலே காலச் சுத்தும். நீங்க கொண்டாந்தது என்னையக் கண்டு ஓடுச்சு. வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவர் மெதுவாகத் திரும்பினார். "தெரிஞ்சா?" என்றார். "தெரிஞ்சுமா தாயி இத்தன நாளு சோறாக்கிப் போட்ட அதுக்கு?"

"நீங்க ராத்திரி ராத்திரி எந்திரிச்சுப் புள்ள மூக்குல கை வச்சுப் பாக்குறத நான் பாத்துக்கிட்டுத்தான படுத்துருந்தேன். நானும் வாயத் தொறந்துட்டா நீங்க தாங்க மாட்டீகன்னு இருந்துட்டேன்." குழந்தையை மேலே ஏற்றிக்கொண்டாள். "சாமிகிட்ட அன்னைக்கே அழுது சொல்லிட்டேன் மாமா. ஒங்ககிட்டதான் சொல்ல முடியல."

பெட்டியைப் பிடித்திருந்த கை தானாக விலகியது. பெரியய்யா கல்லருகே வந்து குனிந்து, வரிசையில் கடைசியாகக் கிடந்த அந்தத் துண்டை மற்ற ஆறோடு சேர்த்து நகர்த்தி வைத்தார். மூடியை அவரே போட்டு அமுக்கினார்.

"கொண்டு போ ஆத்தா, பனிக்கட்டி கரையுது" என்றார். "அதுல இல்லாதத இல்லன்னே எழுது."